விட்டுப் போக முடியுமா?



1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே அவர்களில் மிகுதி. கூலியை உயர்த்தச் சொன்னதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும்தான் அந்தச் சேரி செய்த குற்றம். அவர்கள் நினைவாக ஆண்டுதோறும் கூடும் நாம், இம்முறை சேர்வராயன் மலையடிவாரத்தில் கூடியிருக்கிறோம். மேலே ஏற்காட்டில் இது காப்பிப் பழம் பறிக்கும் பருவம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏறுகிறவர்களில் ஏரியைப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு. கூடை சுமக்கப் போகிறவர்களும் உண்டு. இந்த உரை இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றியது. மலையிலிருந்து வேலை தேடிக் கீழே இறங்குகிறவர்களைப் பற்றியதும்கூட.

"இந்தக் காலத்தில் அடிமைமுறை என்று பேசுவது மிகை இல்லையா?" என்று மாணவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. சங்கிலி இல்லை, சந்தையில் ஏலம் இல்லை, சட்டம் ஒழித்தாயிற்று. பிறகு என்ன அடிமை? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும் முன் நாங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், இந்த மலைச்சரிவு ஊர் ஒன்றிலிருந்து கீழே வேலைக்குப் போன ஒரு குடும்பத்தோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனோம். கணவன், மனைவி, மனைவியின் தம்பி என மூன்று பேர். ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தவர்கள். மூன்று வருடம் உழைத்தும் கடன் கழியவில்லை. கணக்கு முதலாளியின் நோட்டில் இருந்தது. அந்த நோட்டை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

அதிகாரி கடுமையானவர் அல்லர். உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பிறகு கேட்டார். பூட்டி வைத்தார்களா? "இல்லைங்க." அடித்தார்களா? "இல்லைங்க." சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தார்களா? "வாராவாரம் கொடுப்பாங்க." வெளியே போக விட்டார்களா? "சந்தைக்குப் போவோமுங்க." நான்கு கேள்வி, நான்கு உண்மையான பதில். "இது கூலித் தகராறு, கொத்தடிமை இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது அந்த அம்மா சொன்னார்: "சந்தைக்கு நாங்க மூணு பேரும் ஒண்ணா ஒரு நாளும் போனதில்லைங்க. ரெண்டு பேரு போனா ஒருத்தர் அங்கயே இருக்கணும்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூட்டு இல்லாததன் காரணம் புரிந்துவிட்டது. அங்கே பூட்டாக இருந்தது ஒரு மனிதர். பின்னால் விட்டுவந்த தம்பி. அலுவலகத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்றுதான்: வேலையை விட்டுப் போக உங்களால் முடிந்ததா?

இன்றைய உலகில் எது அடிமைமுறை என்று அறிய இந்த ஒரு கேள்வி போதும் என்பதே எங்கள் வாதம். புதிதாக நாம் கண்டுபிடித்த கேள்வியும் இல்லை இது. நம் வரலாற்றிலும் நம் சட்டத்திலும் இருப்பதுதான்.

காப்பிச் செடியும் கடன் சீட்டும்

1819இல் சென்னை வருவாய் வாரியம் மாகாணத்தில் நிலவிய அடிமைமுறை பற்றிக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டு விவாதித்தது. நிலத்தோடு சேர்த்து மனிதர்கள் விற்கப்படுவதும் அடகு வைக்கப்படுவதும் அரசு ஏடுகளிலேயே பதிவாயின. அந்த மனிதர்கள் பறையர், பள்ளர், புலையர், செறுமர் என்று நம்மவர்களாகவே இருந்தார்கள். ஆனால் நிலவரி குறைந்துவிடக் கூடாது என்ற கவலை அரசுக்கு. ஏட்டில் எழுதியதோடு சரி.

அதையடுத்த பத்தாண்டுகளில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார். ராகியும் சாமையும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடிகளின் மலை மெல்ல மெல்லத் தோட்டங்களின் மலையாயிற்று. அதே 1820களில் இலங்கையிலும் காப்பித் தோட்டம் தொடங்கியது. திருச்சி, சேலம் முதலான மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் கங்காணிகளின் பின்னால் நடந்து கடல் கடந்தார்கள்.

பிரிட்டன் தன் பேரரசில் அடிமைமுறையை ஒழித்து 1833இல் சட்டம் இயற்றியது. அதிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் விலக்கி வைக்கப்பட்டன. இந்தியாவுக்கு 1843இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அது என்ன செய்தது? ஒருவர் இன்னொருவரின் உடைமை என்று சொல்லிக்கொண்டு வந்தால் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்காது என்றது. அடிமை வைத்திருப்பவருக்குத் தண்டனை இல்லை. அடிமைக்கு நிலம் இல்லை, வீடு இல்லை, "நீ இனி போகலாம்" என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான்; அது நடைமுறைக்கு வந்தது 1862இல்.

இந்த இரண்டுக்கும் நடுவே வந்த ஒரு சட்டத்தை நம் பாடப் புத்தகங்கள் பேசுவதில்லை. 1859இன் பதின்மூன்றாம் சட்டம், தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலையைச் செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கேட்காவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். பணம் கொடுத்தவர் ஒப்பந்தத்தை மீறினால் அவருக்குச் சிறை கிடையாது. 1920களின் நடுப்பகுதி வரை இந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. சென்னை மாகாணத்தில் தோட்ட முதலாளிகளுக்கென்றே 1903இல் இன்னொரு தொழிலாளர் சட்டமும் வந்தது.

வரிசையைக் கவனியுங்கள். ஆளை உடைமையாக வைத்திருக்கும் உரிமையை 1843இல் எடுத்தார்கள். கடனைக் காட்டி ஆளை நிறுத்தி வைக்கும் உரிமையை 1859இல் கொடுத்தார்கள். அடிமை ஓலை போய்க் கடன் சீட்டு வந்தது. முதலாளிக்கு இது லாபமும்கூட. அடிமையை வாங்க முழு விலை வேண்டும், கிழமானாலும் சோறு போட வேண்டும். முன்பணத்துக்குச் சின்னத் தொகை போதும். நோயாளியானால் அனுப்பிவிடலாம், கடன் மட்டும் மகன் தலையில் நிற்கும்.

இலங்கைத் தோட்டங்களில் இதற்குத் துண்டு என்று பெயர். தொழிலாளர் கூட்டம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவர்கள் மேல் உள்ள கடன் தொகையை எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் தொகையைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் விடுவிப்பு. கட்டிய தொகை மீண்டும் அவர்கள் கணக்கிலேயே ஏறும். யாரும் யாரையும் விற்கவில்லை, கடன்தான் கைமாறியது என்றார்கள். கடனோடு மனிதர்களும் கைமாறினார்கள். துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது

1926இல் சர்வதேச சங்கம் செய்த உடன்படிக்கை, ஒரு மனிதர் மேல் உடைமை உரிமைக்குரிய அதிகாரங்களில் ஏதேனும் ஒன்றைச் செலுத்தினாலே அந்த நிலை அடிமைநிலை என்றது. எல்லா அதிகாரமும் வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1930இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, தண்டனை பற்றிய அச்சத்தின்கீழ், மனமுவந்து வராத ஒருவரிடம் வாங்கும் வேலை கட்டாய உழைப்பு என்றது. 1956இன் துணை உடன்படிக்கை கடன் அடிமைத்தனத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேர் நவீன அடிமைமுறையில் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பிலும், 2.2 கோடிப் பேர் கட்டாயத் திருமணத்திலும் சிக்கியவர்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்பது நமக்குத் தெரியும். 23ஆம் பிரிவை நாம் அந்த அளவுக்குப் படிப்பதில்லை. அது மனித வணிகத்தையும் வெட்டிவேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. அதற்கு உயிர் கொடுக்க ஒரு சட்டம் வர கால் நூற்றாண்டு ஆனது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976. 1975 அக்டோபர் 25 முதல் அது செல்லும். ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று நம் அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுப்பது இந்தச் சட்டத்தின் பெயரால்தான்.

மாணவர்கள் இந்தச் சட்டத்தின் வரையறையை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். கட்டும் கயிறு ஐந்து வகை என்கிறது: முன்பணம், சமூக வழக்கம், பரம்பரைக் கடமை, வேறு ஏதேனும் பொருளாதாரப் பயன், குறிப்பிட்ட சாதியில் பிறந்தது. ஆம், பிறந்த சாதியே ஒருவரைக் கொத்தடிமையாக்கும் கயிறு என்று இந்திய அரசின் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் கயிற்றால் இழப்பது நான்கு. நியாயமான கூலி, வேறு வேலைக்குப் போகும் உரிமை, நாட்டில் எங்கும் நடமாடும் உரிமை, தன் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கில் ஒன்றை இழந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுப்பதெல்லாம் பெயரளவுக் கூலிதான் என்றும் சட்டம் சொல்கிறது. பூட்டு, சங்கிலி, அடி, உதை என்ற சொற்கள் அந்த வரையறையில் இல்லை.

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி ஒருபடி மேலே போனார். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் உழைக்கிறார் என்றால் ஏதோ ஒரு நிர்ப்பந்தம் இருக்கிறது, பசியும் வறுமையும்கூட நிர்ப்பந்தம்தான், அது 23ஆம் பிரிவுக்கு எதிரானது என்றார். 1983 டிசம்பரில் பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில், கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவர் மேல் என்று சட்டத்தின் 15ஆம் பிரிவும் சொல்கிறது.

இருந்தும் அந்த அலுவலகத்தில் மெய்ப்பிக்கும் சுமையை யார் சுமந்தார்கள்? நோட்டையே பார்த்திராத அந்த மூன்று பேர்.

எல்லாமே அடிமைமுறையா?

இங்கே நாம் நிதானமாகப் பேச வேண்டும். கூலி குறைவு என்றாலே அடிமை, மேஸ்திரி திட்டினாலே அடிமை என்று மேடையில் முழங்குவது சுலபம். எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைச் சூட்டினால், உண்மையாகவே கட்டிப்போடப்பட்டவரின் வழக்கு நிற்காமல் போகும். காப்பித் தோட்ட வேலையெல்லாம் அடிமை வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. சங்கம் கட்டிப் போராடிப் பெற்ற உரிமைகள் அங்கே உண்டு. அதைச் சிறுமைப்படுத்துவது போராடியவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும்.

ஆனால் கதவு பாதி மூடியிருக்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். லைன் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்று 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நல்லதுதான். அதே வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் வீடும் போகும். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே பிறந்தவருக்கு மலையில் ஒரு சென்ட் பட்டா இல்லை. அவர் மேஸ்திரியை எதிர்த்துப் பேசுவதற்கு முன் தன் அடுப்பையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் எண்ணிப் பார்ப்பார். ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து பேருக்கும் குறைந்த சிறு தோட்டங்களை அந்தச் சட்டம் தானாகத் தொட்டதும் இல்லை. இது அடிமைமுறை என்று நான்கு வரியில் தீர்ப்பு எழுத முடியாது. விட்டுப் போவதன் விலை ஏற ஏற, சுதந்திரம் குறைந்துகொண்டே வருகிறது என்று மட்டும் சொல்லலாம். ஒரு கட்டத்தில் விலை கொடுக்க முடியாததாகிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டினால் அடிமைமுறை.

எனவே களத்துக்குப் போகும் தோழர்கள் நான்கு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். இன்றைக்கே வேலையை விட்டுக் குடும்பத்தோடு கிளம்ப முடியுமா? கிளம்பினால் உங்களைத் துரத்தி வருவது எது: கடனா, பொய்ப் புகாரா, பின்னால் நிற்கும் உறவா? கிளம்பினால் இழப்பது எது: வீடா, பிடித்து வைத்த கூலியா? கணக்கை எழுதுவது யார், அதை நீங்கள் பார்த்ததுண்டா? பூட்டைத் தேடினால் பூட்டு கிடைக்காது. இந்த நான்கைக் கேட்டால் பதில் கிடைக்கும்.

நாளைப் போவார்

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. ஆதனூர் நந்தனைப் பெரியபுராணம் திருநாளைப்போவார் என்று அழைக்கிறது. தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். சேக்கிழாரிடம் நந்தனைத் தடுத்தது அவர் பிறப்பைப் பற்றிய எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கதையில் ஒரு பண்ணையாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். போவதற்கு அவர் உத்தரவு வேண்டும். நாற்பது வேலியையும் பயிரிட்டு முடித்தால்தான் உத்தரவு. பக்திக் கதையாகக் கேட்டுப் பழகிய அதை ஒரு தொழிலாளர் வழக்காகப் படித்துப் பாருங்கள். நடமாடும் உரிமை இழந்த ஒருவர், முடிக்க முடியாத வேலை, எஜமானின் அனுமதி. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை அங்கேயே இருக்கிறது. நம் முன்னோர் எல்லோருமே நாளைப் போவார்கள்தான். அந்த நாளை பெரும்பாலோருக்கு வரவேயில்லை.

மகாத்மா புலே 1873இல் எழுதிய தன் நூலுக்குக் குலாம்கிரி, அதாவது அடிமைத்தனம், என்று பெயர் வைத்து, கறுப்பின மக்களின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியபோது, அடிமை விலைமதிப்புள்ள உடைமை என்பதால் எஜமான் அவன் உடல்நலத்தையாவது பார்த்துக்கொண்டான், தீண்டப்படாதவரின் உயிருக்கு அந்தப் பொறுப்புகூட யாருக்கும் இல்லை என்று காட்டினார். இன்றைய முன்பண அடிமைமுறை இந்த இரண்டின் கேடுகளையும் சேர்த்துக்கொண்டது. அடிமையைப் போலக் கட்டி வைக்கும். தீண்டப்படாதவரைப் போலக் கைவிடும்.

1995இல் உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும். இதைத் தற்செயல் என்று யார் சொல்ல முடியும்? நிலம் இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை. வங்கிக் கடன் இல்லாதவருக்கு மருத்துவச் செலவு வந்தால் முன்பணம் ஒன்றே வழி. 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் நம் கையை விட்டுப் போனதற்கும் அந்த அம்மா முன்பணம் வாங்கியதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

மலைகளையும் பாருங்கள். பக்கத்திலுள்ள கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து அரசின் கைக்கு வந்ததே 1976இல்தான். அதற்கு முன் அங்கே ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் உழைப்பது வழக்கமாக இருந்தது. நாடு விடுதலையடைந்து 29 ஆண்டுகள் அந்த மலைக்கு விடுதலை வரவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளின் மலையாளிகளும் அவர்களில் இருந்தார்கள். மரத்தை விற்றுக் கோடி சேர்த்தவர்கள் அங்கே சாகவில்லை. தரகர்கள் வலைவீசும் இடம் எது என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நம் முன்னால் உள்ள வேலை

சட்டம் மாவட்டத்துக்கும் ஒவ்வொரு கோட்டத்துக்கும் விழிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு குழுவிலும் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் கோட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். மாணவர்கள் ஒரு விண்ணப்பத்தில் தொடங்கக்கூடிய வேலை இது.

மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும் வரை கூட நில்லுங்கள். அது இல்லாமல் கடன் ரத்தானதற்கு அத்தாட்சி இல்லை, மறுவாழ்வுத் தொகையும் இல்லை. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம் என்றது. முழுத் தொகையையும் முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டுவிட்டது. வழக்கு முடியும்வரை பசி காத்திருக்குமா? காத்திருக்க முடியாதவர் மறுபடி முன்பணம் வாங்கப் போவார். மறுவாழ்வு இல்லாத மீட்பு, அடுத்த அடிமைத்தனத்துக்கு வழியனுப்புவதாகும்.

8ஆம் பிரிவையும் கையில் வைத்திருங்கள். கொத்தடிமை வேலைக்காகக் கொடுக்கப்பட்ட வீட்டிலிருந்து விடுதலையானவரை வெளியேற்றக் கூடாது என்கிறது அது. விடுதலைக்கு வீடு வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள். ஆகவே தலித்துக்கும் பழங்குடிக்கும் மனைப் பட்டா கேட்பதும், வன உரிமைச் சட்டத்தின்கீழ் நில உரிமை கேட்பதும், முன்பணம் தேவைப்படாத அளவுக்குக் கூலி கேட்பதும் அடிமைமுறை ஒழிப்பின் பகுதிகளே. தனித்தனிக் கோரிக்கைகளாக அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக மீண்டும் வெண்மணி. சங்கத்தை விட்டு வா, கொடியை இறக்கு, வேலை தருகிறோம் என்று சொன்னபோது அந்த மக்கள் மறுத்தார்கள். தங்கள் மண்ணிலேயே, தங்கள் கொடியின் கீழேயே நின்று கூலி கேட்டார்கள். விடுதலைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை அவர்களிடமிருந்துதான் கற்றோம். போக நினைத்தால் எதையும் இழக்காமல் போக முடிய வேண்டும். இருக்க நினைத்தால் தலை குனியாமல் இருக்க முடிய வேண்டும்.

அந்த அம்மாவின் வழக்கை நாங்கள் மேல்முறையீடு செய்தோம். இன்னும் முடியவில்லை. தம்பி திரும்பி வந்துவிட்டார். போன மாதம் பார்த்தபோது மூன்று பேரும் ஒன்றாகச் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜெய்பீம்.